பணிக்குழுவில் பங்கேற்போம்

ஒரு தொண்டுச் சங்கத்தின் வலிமையை எதனைக் கொண்டு அளப்பது? உறுப்பினர் தொகையைக் கொண்டு அளப்பவர் உண்டு. ஆண்டு விழாவில் வழங்கப்பெறும் நலத்திட்டங்களின் மதிப்பைக் கொண்டு அளப்பவரும் உண்டு. இவற்றினும் மேலான அளவுகோல் ஒன்று உளது. அச்சங்கத்து உறுப்பினருள் எத்தனை பேர் கையில் ஒரு பணி இருக்கிறது என்பதே அது.

பதிவேட்டில் அறுபது பெயர்கள் இருக்கும். தலைவர், செயலர், பொருளாளர், அவர்தம் நண்பர் இருவர் ஆகிய ஐவரே ஓடியாடி உழைப்பர். ஏனையோர் சந்தா செலுத்துவர்; கூட்டத்திற்கு வருவர்; சொற்பொழிவைக் கேட்பர்; சிற்றுண்டி அருந்திச் செல்வர். அவர்கள் நல்லவர்களே, தொண்டில் நாட்டமில்லாதவர் சந்தா செலுத்திச் சேர்வாரா? ஆயினும் அவர்கள் தம் சொந்தச் சங்கத்திலேயே விருந்தினராக இருக்கின்றனர். உழைக்கும் ஐவர் களைத்த அன்று சங்கமும் களைத்துவிடுகிறது. ஊர்தோறும் காணப்பெறும் நிலை இது.

விருந்தினரை வீட்டாராக்கும் வழி பணிக்குழுவே. அதில் உறுப்பினரைச் சேர்ப்பது எங்ஙனம், சேர்ந்தவர் ஆற்ற வேண்டுவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம். தமிழில் சுழற்சங்கம் என்று வழங்கப்பெறும் ரோட்டரி சங்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கூறுவன அரிமா சங்கத்திற்கும், மாதர் சங்கத்திற்கும், நம் ஊர் நற்பணி மன்றங்களுக்கும் பொருந்தும்.

சுழலும் பொறுப்பு

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் நண்பர் மூவரோடு கூடிப் பேசினார். அதுவே ரோட்டரியின் தொடக்கம். கூட்டத்தை ஒரே இடத்தில் நடத்தாமல், உறுப்பினர் ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் முறை வைத்து நடத்தினர். அவ்வாறு சுழன்று வந்தமையால் அச்சங்கத்திற்குச் சுழற்சியைக் குறிக்கும் அப்பெயர் ஏற்பட்டது. நம் நாட்டில் கல்கத்தாவில் 1920இலும், சென்னையில் 1929இலும் ரோட்டரி சங்கங்கள் நிலைபெற்றன.

பெயருக்கேற்பப் பதவிகளும் சுழல்கின்றன. ரோட்டரி ஆண்டு சூலை முதல் நாளில் தொடங்கி மறு ஆண்டு சூன் 30இல் முடிகிறது. தலைவர் ஓராண்டே பதவி வகிக்கிறார். ஆகவே தலைவர் ஒருவரை மட்டுமே நம்பி நடக்கும் பணி ஓராண்டில் அறுந்துபோதல் இயல்பு. அவ்வாறு அறுந்துபோகாமல் காப்பன குழுக்களே.

சங்க நிருவாகம், உறுப்பினர் சேர்க்கை, மக்கள் தொடர்பு, பணித்திட்டங்கள், ரோட்டரி அறக்கட்டளை என்னும் ஐந்து துறைகளுக்கும் நிலைக்குழுக்கள் அமைத்துக்கொள்ளுமாறு ரோட்டரியின் தலைமை அமைப்பு சங்கங்களுக்குப் பரிந்துரைக்கிறது. இயன்றவரை ஓர் உறுப்பினரை ஒரே குழுவில் மூன்றாண்டுகள் இருக்கச் செய்யுமாறும் அது கூறுகிறது. இதன் பயனை ஓர்ந்து நோக்க வேண்டும். முதலாண்டு கற்பதற்கு, இரண்டாமாண்டு செய்வதற்கு, மூன்றாமாண்டு பிறர்க்குக் கற்பிப்பதற்கு. தலைவர் மாறுவார், பணி மாறாது.

விழா நாளுக்கு முன்னும் பின்னும்

தொண்டு என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது விழா நாள். பந்தல், பதாகை, ஒலிபெருக்கி, நிழற்படம் ஆகியவற்றோடு அந்நாள் முடிந்துவிடுகிறது. உண்மையான தொண்டோ அந்நாளுக்கு முன்னும் பின்னுமே மிகுதியாக உள்ளது. கண் சிகிச்சை முகாம் ஒன்றைக் கருதுவோம்.

மதுரையில் 1976ஆம் ஆண்டு மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்கள், உள்ளூர்ச் சங்கங்களின் துணையோடு சிற்றூர்களில் முகாம் நடத்தி வருகின்றன. மருத்துவரும் செவிலியரும் கருவிகளும் மருத்துவமனையைச் சார்ந்தவை. இடம், விளம்பரம், வருவோர்க்கு வேண்டிய ஏற்பாடுகள் முதலியன சங்கத்தைச் சார்ந்தவை. கண்புரை முற்றியோரைத் தெரிந்தெடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அறுவை செய்து, செயற்கை வில்லை பொருத்தி மீண்டும் ஊரில் கொண்டுவந்து விடுகின்றனர்.

இப்பணியில் ஒரு குழு செய்யக்கூடியவற்றை எண்ணிப் பாருங்கள். முகாமுக்கு முன்னரே சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குச் சென்று, பார்வை மங்கிய முதியோர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்று அறிதல் வேண்டும். சுவரொட்டியைப் பார்வையற்றவர் படிக்க இயலாதன்றோ? அவரிடம் வாய்மொழியாகவே கூற வேண்டும். அவர் அறுவைக்கு அஞ்சுவார். முன்பே அறுவை செய்துகொண்டு நலமடைந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று பேச வைக்க வேண்டும். துணைக்கு வர ஆளில்லாதவரைக் கைபிடித்து அழைத்துவர வேண்டும்.

அறுவைக்குப் பின்னரும் பணி உண்டு. சில வாரங்களுக்குக் கண்ணில் சொட்டு மருந்து இட வேண்டும். கண்ணில் அழுக்கு நீர் படாமல் காக்க வேண்டும். மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனைக்கு வர வேண்டும். தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் தம் கண்ணில் தாமே மருந்தை இட்டுக்கொள்ள வல்லவரா? சொட்டு தவறிக் கன்னத்தில் வழிந்தால் யாரிடம் சொல்வார்? கண் சிவந்து வலித்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார் யார்? அத்தெருவிலேயே வாழும் குழு உறுப்பினர் ஒருவர் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தால் போதும். ஒரு கண் காக்கப்பெறும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மேடையும் வேண்டா. ஆனால் ஐந்து பேர் மட்டும் உழைக்கும் சங்கத்தால் இது இயலாது.

குருதிக்கொடையில் ஒரு பாடம்

குழு இருந்தால் பணியின் தரமும் உயரும் என்பதற்குக் குருதிக்கொடை மற்றொரு சான்று. அக்டோபர் முதல் நாள் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அந்நாளிலும் விடுதலை நாளிலும் ஒரே ஊரில் பல அமைப்புகள் முகாம் நடத்துவதுண்டு. நோக்கம் நன்று. ஆனால் பிரித்தெடுத்த சிவப்பணுக்களைத் தக்க காப்புக் கரைசலில் குளிர்நிலையில் வைத்தாலும் 42 நாட்களுக்கு மேல் பயன்படுத்துதல் இயலாது. தட்டணுக்களின் ஆயுளோ ஐந்து நாட்களே. குருதி வழங்கிய ஆடவர் மூன்று மாதங்களும், பெண்டிர் நான்கு மாதங்களும் கழிந்த பின்னரே மீண்டும் வழங்கலாம். ஆகவே ஒரே நாளில் ஊரார் அனைவரும் வழங்கிவிட்டால், சில வாரங்கள் கழித்து மகப்பேற்றில் குருதி இழந்த தாய்க்கு வழங்குவதற்கு ஆள் தேட வேண்டியதாகும். கல்லூரிகள் மூடியிருக்கும் கோடை விடுமுறையில் இத்தட்டுப்பாடு மிகும்.

பொறுப்பாளர் ஒருவர் மட்டும் இருப்பின், ஒரு முகாமை நடத்தி முடிப்பதே அவருக்குப் பெரும்பாடு. நால்வர் கொண்ட குழு இருப்பின் அது குருதி வங்கியை அணுகி, எந்த மாதத்தில் தேவை மிகுகிறது என்று கேட்கும். பதினெட்டு வயது நிரம்பியவர்களும் நாற்பத்தைந்து கிலோ எடைக்குக் குறையாதவர்களுமாகிய அன்பர்களைக் கணக்கிட்டு, முறைவைத்து ஆண்டு முழுவதும் அனுப்பும். முன்னது நிகழ்ச்சி, பின்னது தொண்டு.

இளம்பிள்ளை வாதத்தை நம் நாட்டிலிருந்து அகற்றிய வரலாறும் இதனையே உணர்த்துகிறது. ரோட்டரி அமைப்பு 1985இல் இப்பணியை உலக அளவில் மேற்கொண்டது. இந்தியாவில் இறுதியாக அந்நோய் கண்ட நாள் 2011 சனவரி 13. நோயற்ற நாடென்று சான்று பெற்றது 2014 மார்ச்சு 27. அரசும் மருத்துவப் பணியாளரும் ஆற்றிய பெரும்பணியில் தொண்டர்களும் தோள் கொடுத்தனர். சொட்டு மருந்து மையத்தோடு பணி முடியவில்லை. மறுநாள் வீடு வீடாகச் சென்று, இடக்கைச் சுண்டுவிரலில் மையில்லாத குழந்தையைத் தேடிக் கண்டனர். விடுபட்ட ஒரு குழந்தையைத் தேடும் அந்த மனப்பான்மையே குழுப்பணியின் உயிர்.

உறுப்பினர் தயங்குவது ஏன்?

இத்துணைச் சிறப்புடைய குழுவில் சேர உறுப்பினர் தயங்குவதற்குக் காரணங்கள் நான்கு.

முதலாவது, எல்லையறியா அச்சம். ஒருமுறை தலையசைத்தால் ஆண்டு முழுவதும் விடமாட்டார்கள் என்று எண்ணுகின்றனர். கடை வைத்திருப்பவருக்கும், பள்ளி செல்லும் குழந்தைகளின் தாய்க்கும் இவ்வச்சம் நியாயமானதே.

இரண்டாவது, தம் தகுதியில் ஐயம். 'மேடையில் பேசத் தெரியாது. நான் என்ன செய்யப் போகிறேன்?' என்பர். கணக்கெழுதவும், ஏழைநோயாளியிடம் பரிவோடு பேசவும், பொருள்களைச் சிக்கனமாக வாங்கவும் தெரிந்தவர் தகுதியற்றவர் ஆவாரா?

மூன்றாவது, பொருட்செலவு பற்றிய கவலை. குழுவில் சேர்ந்தால் நன்கொடையும் மிகுதியாகத் தர வேண்டும் என்று கருதி ஒதுங்குவோர் உளர். அதனை வெளியிற் கூற நாணுவர். குழுப்பணிக்கு உழைப்பே சந்தா என்பதைத் தலைவர் முதற்கூட்டத்திலேயே தெளிவுபடுத்தல் வேண்டும்.

நான்காவது காரணம் மிக எளியது, மிக வருந்தத்தக்கது. எவரும் அவரைக் கேட்டதில்லை என்பதே அது.

அழைக்கும் முறை

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு நாம் வகுப்பறை நிருவாகம் கற்பித்த காலத்தில் வலியுறுத்திய கருத்து ஒன்றுண்டு. 'யார் செய்கிறீர்கள்?' என்று வகுப்பு முழுவதையும் நோக்கிக் கேட்டால், எப்போதும் உயரும் அதே நான்கு கைகளே உயரும். ஏனைய மாணவர் ஆற்றலற்றவர் அல்லர். தம்மைக் கேட்டதாக அவர்கள் கருதுவதில்லை. பெயர் சொல்லி, பணியையும் சொல்லிக் கேட்டால் கடைசி வரிசை மாணவனும் எழுந்து வருவான். சங்கக் கூட்டத்திலும் இதுவே நிகழ்கிறது. 'விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கலாம்' என்னும் பொது அறிவிப்பு எவர் காதிலும் விழுவதில்லை.

ஆகவே அழைப்பவர் ஐந்து செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். ஒன்று, நேரில் சென்று தனியே கேட்டல். இரண்டு, அவரையே ஏன் நாடி வந்தோம் என்பதைக் கூறுதல். மூன்று, பணியை வரையறுத்துச் சொல்லுதல். நான்கு, அது முடியும் நாளைச் சொல்லுதல். ஐந்து, உடன் பணியாற்றும் துணையைச் சொல்லுதல். 'எங்கள் குழுவில் சேருங்கள்' என்பது தெளிவற்ற அழைப்பு. 'நீங்கள் வங்கியில் பணியாற்றியவர். கல்வி உதவிக்கு வந்துள்ள நாற்பது விண்ணப்பங்களைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். உங்களோடு மருந்துக்கடை அன்பரும் இருப்பார்' என்பது தெளிவான அழைப்பு. முன்னதற்கு மறுமொழி 'பார்க்கலாம்'. பின்னதற்கு மறுமொழி பெரும்பாலும் 'ஆகட்டும்'.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 48 முதல் 52 வரை நிற்கின்றன. பணியின் வலிமையையும் ஆளின் வலிமையையும் எண்ணி, காலமும் இடமும் அறிந்து, ஆளைத் தேர்ந்து, பின் அவரிடம் பணியை ஒப்படைத்தல் என்னும் வரிசை அதில் அமைந்துள்ளது. அரசனுக்குக் கூறிய அம்முறை சங்கத் தலைவர்க்கும் வழிகாட்டி.

மறுப்பவரை வற்புறுத்தலாகாது. இன்று இயலாது என்பவர் மூன்று மாதங்கள் கழித்து இயலும் எனக் கூடும். மகள் திருமணம் முடிந்த பின், தேர்வுக்காலம் கழிந்த பின் மீண்டும் கேட்கலாம். ஒருமுறை மறுத்தவரின் பெயரை அடியோடு நீக்கிவிடுதலே பெரும்பிழை.

படிப்படியாகப் பழக்குதல்

பயிற்சி ஆசிரியரை முதல் நாளிலேயே தனியே வகுப்பில் நிறுத்துவதில்லை. முதலில் தேர்ந்த ஆசிரியரின் பாடத்தை உற்றுநோக்குவார். அடுத்து, ஒரு சிறு பகுதியை மட்டும் மேற்பார்வையில் நடத்துவார். அதன் பின்னரே முழுப்பாடம். புதிய குழு உறுப்பினருக்கும் இம்மூன்று படிகளே ஏற்றவை. முதல் முகாமில் மூத்தவரோடு உடன்செல்லட்டும். இரண்டாம் முகாமில் பெயர்ப்பதிவு மேசையை மட்டும் ஏற்கட்டும். மூன்றாவதில் ஒரு சிற்றூரின் முழுப்பொறுப்பையும் ஏற்கட்டும். செய்தவற்றுள் நல்லதை முதலில் எடுத்துரைத்துப் பாராட்டிய பின்னரே திருத்தம் கூறுக. முதற்பணியிலேயே கடிந்துரைக்கப்பட்டவர் மறுமுறை வாரார்.

பெண் உறுப்பினர் பற்றித் தனியே கூற வேண்டும். உலகெங்கும் ரோட்டரி சங்கங்களில் பெண்டிரைச் சேர்க்கலாம் என்னும் விதி 1989இல்தான் இயற்றப்பெற்றது. வாயில் திறந்தது, ஆயினும் உள்ளே இடம் கிடைத்ததா? கோலமிடுதல், குத்துவிளக்கு ஒழுங்குசெய்தல், சிற்றுண்டி பரிமாறுதல் ஆகியவற்றிற்கே பெண் உறுப்பினரை அழைக்கும் வழக்கத்தை நாம் பல மன்றங்களில் கண்டுள்ளோம். அப்பணிகள் இழிந்தவை அல்ல. ஆடவரும் அவற்றைச் செய்யட்டும். நிதிக்குழுவிலும் திட்டக்குழுவிலும் பெண்டிர் அமரட்டும். மாத வருவாய்க்குள் ஒரு குடும்பத்தை நடத்தியவருக்கு வரவு செலவுத் திட்டம் புதிதன்று. பெண்டிரும் தம்மைக் கோலத்திற்கு மட்டும் அழைக்குங்கால், 'கணக்குக் குழுவிலும் எம் பெயரை எழுதுக' என்று கூறத் தயங்கலாகாது.

முதியோரையும் ஒதுக்குதல் வேண்டா. வெயிலில் அலைய இயலாதவர் தொலைபேசி வழியே முப்பது நோயாளிகளை நாள்தோறும் நலம் வினவலாம். அவர்கட்கு ஓய்வுண்டு, பொறுமையும் உண்டு.

குழு நடத்தும் நெறி

சேர்ந்தவர் நிலைத்திருத்தல் குழு நடக்கும் முறையைப் பொறுத்தது. குறித்த நேரத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் முடித்தல் நன்று. பேசவேண்டிய பொருள்களை முன்னரே எழுதி அளித்தல் வேண்டும். கூட்ட முடிவில், யார் எதனை எந்நாளுக்குள் செய்வது என்னும் மூன்றும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதியப்பெற வேண்டும். இம்மூன்றும் பதியப்பெறாத கூட்டம் உரையாடலேயன்றிக் குழுக்கூட்டம் ஆகாது.

தலைவர் தாமே முடிவெடுத்துவிட்டுக் குழுவைக் கையொப்பத்திற்கு மட்டும் அழைத்தால், அறிவுடையோர் மெல்ல விலகுவர். ஒப்படைத்த பணியில் சிறு முடிவுகளையேனும் எடுக்கும் உரிமை குழுவிற்கு இருத்தல் வேண்டும்.

பதிவேட்டின் இன்றியமையாமைக்கு நாம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். ஒரு மன்றம் ஏழைக் கைம்பெண்களுக்குத் தையற்பொறிகள் வழங்கியது. பெற்றோர் முகவரிகள் செயலரின் சொந்த நாட்குறிப்பில் மட்டுமே இருந்தன. அவர் பணிமாறுதல் பெற்று வெளியூர் சென்றார். ஓராண்டு கழித்து, எத்தனை பொறிகள் ஓடுகின்றன, எத்தனை பழுதாகி மூலையில் கிடக்கின்றன என்று கூற அம்மன்றத்தில் எவராலும் இயலவில்லை. சிறு பழுதுநீக்கத்திற்கு வழியின்றி ஒரு குடும்பத்தின் வருவாய் நின்றிருக்கக்கூடும். மூவர் கொண்ட குழுவும் ஒரு பொதுப் பதிவேடும் இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திராது.

உறுப்பினர்க்கு ஒரு சொல்

இதுகாறும் அழைப்பவரின் கடமையைக் கூறினோம். அழைக்கப்படாதவரும் வாளாவிருத்தல் தகாது. தலைவரிடம் சென்று, 'வாரம் இரண்டு மணி நேரம் என்னால் இயலும். இன்ன பணி எனக்குத் தெரியும். எனக்கேற்ற குழு எது?' என்று கேட்பதில் தாழ்வில்லை. ஏற்றபின் இயலாமற்போனால் முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் வாராதிருப்பதே உடன் பணியாற்றுவோரைச் சோர்வுறச் செய்வது. ஒரே ஒரு குழுவில் சேருங்கள். அதில் முழுமையாக இருங்கள். ஐந்து குழுக்களில் பெயர் மட்டும் இருப்பதினும் அது மேலானது.

பொருளை ஈதல் சிறந்த அறம். நேரத்தை ஈதலும் அறமே. இழந்தால் மீண்டும் ஈட்ட இயலாத பொருள் நேரம் ஒன்றேயன்றோ? நம் தெருவில் கண் மருந்துக்காகக் காத்திருக்கும் முதியவருக்கு நம் சந்தாவைவிட நம் வருகையே தேவை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

சங்கத்தார் தம் அடுத்த கூட்டத்தில் கலந்துரையாடுதற்குரியவை:

1. நம் சங்கத்தில் எந்தக் குழுவிலும் இடம்பெறாதோர் எத்தனை பேர்? அவர்களுள் நேரில் அழைக்கப்பெற்றோர் எத்தனை பேர்?

2. சென்ற ஆண்டு நடத்திய முகாமில் பயன்பெற்றோர் இன்று எந்நிலையில் உள்ளனர்? அதனை அறிந்தவர் யார்?

3. நம் செயலர் நாளை வெளியூர் சென்றுவிட்டால் எந்தெந்தப் பணிகள் நிற்கும்?

4. நிதிக்குழுவிலும் திட்டக்குழுவிலும் பெண் உறுப்பினர் உளரா?

5. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியக்கூடிய பணி ஒன்றைக் கூறுக. அதற்கு எவரை, என்ன சொற்களால் அழைப்பீர்?